தொப்பிமலையை இடம் சுற்றிய வரலாறு

ஜூன் 6, வெள்ளி

மாலை நாலு மணி பன்னிரண்டு நிமிடத்துக்குத் தொப்பிமலை அடிவாரத்தில் நான் வந்து இறங்கினேன். மலை கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டது.

இந்த நோட்டைப் பிற்காலத்தில் ஆராயப்போகும் அறிஞர்களுக்காக ஒரு குறிப்பு. பெயர் அரியநாயகம். வயது அறுபத்தொன்று, பார்த்தால் நாற்பது, நடந்தால் இருபது. முப்பத்தொரு வருடம் பேருந்து நிலையத்தில் நேரக்காப்பாளர். நான் விசில் ஊதாமல் அந்த ஊரில் சூரியன்கூட மேற்கே நகர்ந்ததில்லை.

என் தங்கை மகள் மேகலா இங்கே வனவர். வேலைக்கு வந்து ஒன்றரை வருடம்தான் ஆகிறது, இன்னும் நிரந்தரம் ஆகவில்லை. வனத்துறைக் குடியிருப்பில் தனியாக இருக்கிறாள். "பிள்ள தனியாக் கெடக்கு, ஒரு மாசம் போய் இருந்துட்டு வாண்ணே" என்று தங்கை என்னை அனுப்பிவைத்தாள். முழுக்க முழுக்கப் பாதுகாப்புக்காக. ஆனால் தங்கை அவளிடமும் போனில் ஏதோ சொல்லியிருக்கிறாள் போலிருக்கிறது. பேருந்திலிருந்து இறங்கியதும் என் பையை மேகலா பிடுங்கிக்கொண்டு, நான் நடப்பதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"காலு எப்படி மாமா இருக்கு?"

"கீழதான் இருக்கு" என்றேன்.

ஜூன் 7, சனி

காலையில் மேகலா ஒரு வரைபடத்தைத் தரையில் விரித்தாள். நாலு மூலைக்கும் நாலு டம்ளர் வைத்தும் அது பறந்தது. மேற்குக் காற்று தொடங்கிவிட்டது. இந்தக் காற்றில் நேற்று ஒரு எருமை பக்கத்துத் தாலுகாவுக்குப் போய்விட்டதாகக் கேள்வி. கேள்வி என்னுடையதுதான்.

திட்டம் இதுதான். தொப்பிமலையைச் சுற்றி ஒன்பது கிலோமீட்டர் நடைபாதை. சோதனைச்சாவடியில் தொடங்கி, சுற்றி வந்து, அதே சாவடியில் முடியும். சாவடியில் மலையைப் பார்த்து நின்றால் இரண்டு வழி பிரிகிறது. வலப்பக்க வழி, முன்பு மரலாரி போன பழைய பாதை. தேக்குத் தோட்டம், தைலமரத் தோட்டம் வழியாக மெல்ல மெல்ல ஏறும். இடப்பக்க வழி ஏணிப்பாறை; பாறையில் வெட்டிய எழுநூறு படி, நேராக மேலே. இரண்டும் மேல்மட்டத்தில் காற்றாலைகள் நிற்கும் புல்வெளியில் போய்ச் சேரும். வெளியூர்க்காரர்கள் வந்து நடப்பார்கள். வழிகாட்டிகளாக அடிவாரத்திலுள்ள கல்லூத்துப்பட்டி ஆட்கள் எட்டுப் பேர், மதியச் சாப்பாடு ஊர்ப் பெண்கள் குழு. எல்லாம் அனுமதி கிடைத்தால்.

எந்தப் பக்கமாக ஏறி எந்தப் பக்கமாக இறங்குவது என்பது மட்டும் முடிவாகவில்லை. மேகலா திங்கட்கிழமை பத்து நாள் பயிற்சிக்குப் போகிறாள். அதற்குள் வழிகாட்டிக் கற்கள் நட்டாக வேண்டும்.

"வர்றவங்க பாதிப்பேரு உங்க வயசுதான் மாமா இருப்பாங்க. நீங்க சிவனாண்டியோட நடந்து பாத்துச் சொன்னா நல்லா இருக்கும். ஆனா முழுசா நடக்கணும். ஒருநாள் இந்தப் பக்கமா, ஒருநாள் அந்தப் பக்கமா. முடியலைன்னா இப்பவே சொல்லிருங்க, தப்பில்ல."

"ஏத்தா, யாரப் பாத்து என்ன கேக்குற? ஒம்பது கிலோமீட்டரா? நான் பல்லு வெளக்குறப்ப நடக்குற தூரம்."

அவள் சிரிக்கவில்லை. வரைபடத்தைச் சுருட்டி என் கையில் கொடுத்தாள். இரண்டு கையாலும் கொடுத்தாள்.

ஜூன் 9, திங்கள்

மேகலா பயிற்சிக்குப் போய்விட்டாள். அரசாங்கத்தின் பிரதிநிதியாக நான் பொறுப்பேற்றேன். முதல் நடவடிக்கையாக இட்லி மாவு பொங்கி வழிந்ததைத் துடைத்தேன். இரண்டாவதாகக் கொடியில் காயப்போட்ட என் வேட்டியைப் பலாமரத்திலிருந்து மீட்டேன். மூன்றாவதாகக் குரங்குகளோடு பேச்சுவார்த்தை. அது தோல்வி. வெல்லம் போய்விட்டது.

ஜூன் 10, செவ்வாய்

மாபெரும் பயணம்.

துணைக்கு வேட்டைத் தடுப்புக் காவலர் சிவனாண்டி. நாற்பது வயது. அவன் நடந்தால் சருகுகூடச் சத்தம் போடாது. நான் நடந்தால் காடே எழுந்து நின்று மரியாதை செய்கிறது.

"எங்கிட்டு அய்யா போவோம்?" என்று பிரிவில் நின்று கேட்டான். இடப்பக்கம் பார்த்தேன். ஏணிப்பாறை வானத்திலிருந்து தொங்கவிட்ட மாதிரி இருந்தது. தேசத்தின் எதிர்காலத்தை முன்னிட்டு வலப்பக்கத்தைத் தேர்ந்தெடுத்தேன்.

தேக்குத் தோட்டத்தில் ஒவ்வோர் இலையும் ஒரு குடும்பம் உட்கார்ந்து சாப்பிடும் அகலம். அதைத் தாண்டினால் தைலமரங்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள் போல வரிசை வரிசையாக. எந்தப் பக்கம் திரும்பினாலும் வரிசை நேராகவே தெரிகிறது. குறுக்கே பார்த்தாலும் நேர். உரிந்த பட்டைகள் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தம். வாசனை மூக்கில் நுழைந்து காது வழியாக வெளியே போனது. முப்பது வருடச் சளி ஒன்று, சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிட்டது.

மேலே போனால் காற்றாலைகள். ஊரில் காத்தாடி என்கிறார்கள். பன்னிரண்டு. கீழிருந்து பார்க்கும்போது பல்குச்சி. பக்கத்தில் போய் நின்றால், ஒவ்வொரு கையும் ஒரு தெரு நீளம். வானத்தைக் கிழித்துக் கிழித்து யாருக்கோ சட்டை தைக்கிற மாதிரி ஒரு சத்தம். என் துண்டு தோளிலிருந்து கிளம்பிக் கேரளாவுக்குப் போய்விட்டது. அங்கே யாராவது நல்லவர் கையில் கிடைக்கட்டும்.

"இனி எறக்கம் அய்யா. ஏணிப்பாறை. அதையும் எறங்கிட்டம்னா சுத்து முடிஞ்சுரும். நாளைக்கு மறுபக்கமா ஒரு தடவ."

அந்த நேரம் பார்த்துக் காற்றாலை பழுதுபார்க்கும் ஜீப் ஒன்று என்னை மிகவும் வற்புறுத்தி அழைத்தது. மறுப்பது பண்பாடு ஆகாது.

"சிவனாண்டி, பாதி வட்டத்தப் பாத்தவன் மீதி வட்டத்தப் பாத்த மாதிரிதான்யா. நீ எறங்கி வா. கீழ பாப்போம்."

அவன் என் வலது முழங்காலைப் பார்த்தான். பிறகு வானத்தைப் பார்த்தான். நல்ல பையன்.

முடிவு: வலப்பக்க வழியாக ஏறி, ஏணிப்பாறை வழியாக இறங்குவதே உத்தமம். ஆழ்ந்த ஆய்வின் பேரில்.

ஜூன் 11, புதன்

மறுபக்கமாக நடக்கவேண்டிய நாள். மேகமூட்டம் காரணமாக ஒத்திவைப்பு. நாள் முழுக்கக் கட்டிலில் இருந்தபடி மலையைக் கண்காணித்தேன். வீடு முழுக்கத் தைல வாசனை. நேற்று தைலமரக் காட்டுக்குள் போனேன் அல்லவா, அதுதான்.

ஜூன் 13, வெள்ளி

பதினான்கு கற்கள் நட்டாயிற்று. பெயிண்டில் அம்பு போடலாம் என்றார் கல்தச்சர். பெயிண்ட் ஒரு மழைக்குத் தாங்குமா? நான் உளியால் செதுக்கச் சொன்னேன். ஒன்று முதல் பதினான்கு வரை எண், கீழே அம்பு. நாம் எல்லாரும் போனபிறகும் இந்த அம்பு நிற்கும். கண்டம் நகர்ந்தாலும் திசை மாறாது.

சிவனாண்டி மட்டும் முதல் கல்லுக்குக் குழி தோண்டும்போது கடப்பாரையை ஊன்றி நின்றான். "ஊருக்குள்ள ஒரு வார்த்த கேட்டுக்குவமா அய்யா? ஒச்சம்மாக்காகிட்டயாவது."

"கல்லு நடுறதுக்கு ஊர்க்கூட்டமா? தோண்டுய்யா."

தோண்டினான்.

ஜூன் 19, வியாழன்

மேகலா திரும்பிவிட்டாள். பையை இறக்கிவைக்காமல்கூட நேராகப் போய்க் கற்களைப் பார்த்தாள். முகம் மலர்ந்தது. உளி வேலையைத் தடவிப் பார்த்தாள். இரவுச் சாப்பாட்டுக்கு எனக்குப் பிடித்த கத்தரிக்காய்ப் பொரியல்.

"ரெண்டு பக்கமும் நடந்தீங்கள்ல மாமா?"

நான் தலையை அசைத்தேன். மேலும் கீழுமா, பக்கவாட்டிலா என்பதை அவள் பார்வைக்கே விட்டுவிட்டேன். அவள் மேலும் கீழுமாகவே எடுத்துக்கொண்டாள். அறிக்கையில், 'இரு திசைகளிலும் நேரில் நடந்து சரிபார்க்கப்பட்டது' என்று எழுதி, தன் கையெழுத்தைப் போட்டாள்.

பொரியலில் இன்று கொஞ்சம் உப்பு கூடிவிட்டது. அதனால் சரியாகச் சாப்பிட முடியவில்லை.

ஜூன் 20, வெள்ளி

கடிதம் வந்துவிட்டது. ஜூலை 4 அன்று மாவட்ட வன அலுவலர் நேரில் வந்து நடந்து பார்ப்பார். ஊர்மக்கள் குறைந்தது இருபத்தைந்து பேர் கூட நடக்கவேண்டும்; ஊர் விரும்பாத பாதை வேண்டாம் என்பது அவர் கொள்கை. ஆட்கள் வராவிட்டால் திட்டம் அடுத்த மலைக்குப் போய்விடும். மேகலாவை நிரந்தரம் செய்யும் அறிக்கையையும் அவர்தான் எழுதுகிறார்.

"இருபத்தஞ்சா? இருநூத்தம்பது பேரக் கூட்டிட்டு வாரேன் பாரு" என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

சாவடிக் கொட்டகையில் ஊர் வனக்குழுக் கூட்டம். தலைவி ஒச்சம்மா. நாற்பத்தைந்து வயது, கரண்டி பிடித்த கை, எதிரே இருப்பவர் வாயைத் திறக்குமுன் பதில் சொல்லிவிடும் வேகம். அவள் வரும்போதே முதல் கல்லின் முன்னால் நின்றுவிட்டாள். அம்பைப் பார்த்தாள். அம்பு போன பக்கம் பார்த்தாள். முந்தானையை இடுப்பில் செருகினாள்.

"மேகலா, இந்தக் கல்லச் செதுக்குனது யாரு?"

"ஏன்க்கா, நல்லா இல்லையா?"

"கல்லு நல்லாத்தேன் இருக்கு. இப்பிடிப் போனா மல எந்தக் கைப்பக்கம் வரும்?"

மேகலா கையை நீட்டிப் பார்த்தாள். இடது கை.

"மலையச் சுத்துனா வலமால்ல சுத்தணும். மல சோத்துக்கைப் பக்கம் இருக்கணும். இடமாச் சுத்துறது எங்க? சுடுகாட்டுல, கொள்ளிக்குடத்தத் தூக்கிக்கிட்டு. ஊரே ஒண்ணாக் கெளம்பி இந்த மலைக்குக் கொள்ளிக்குடம் சுத்தவா?"

கொட்டகையில் எல்லாரும் தத்தம் சோற்றுக்கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"மேல கோயில் ஒண்ணும் இல்லையேத்தா, காத்தாடிதானே இருக்கு" என்றேன் நான்.

"கோயிலு எதுக்குண்ணே? மலைதேன் சாமி. நீங்க டவுன்ல இருந்தவுக, பஸ்ஸுதேன் சுத்தி வாரதப் பாத்திருப்பீக. நாங்க நடக்க மாட்டோம். எங்க வீட்டு ஆம்பளைகளும் வர மாட்டாக."

கூட்டம் முடிந்தது. மொத்தம் ஏழு நிமிடம். என் அனுபவத்தில் இவ்வளவு சரியான நேரத்துக்குக் கிளம்பிய வண்டி வேறில்லை.

சிவனாண்டி என்னைப் பார்க்கவே இல்லை. தைலமர வரிசையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜூன் 23, திங்கள்

ஒன்றும் இல்லை. காற்று.

ஜூன் 25, புதன்

ஒரு மகத்தான யோசனை. சோப்புப் போடும்போது உதித்தது.

ஒச்சம்மாவையும் குழுவில் இரண்டு பெண்களையும் காற்றாலை ஜீப்பில் மேலே கூட்டிப்போனேன். மேற்கே, காற்று வரும் பக்கத்தில், மூன்றாம் எண் காற்றாலைக்கு முன்னால் நிறுத்தினேன். தலையை உயர்த்தினால் அந்த மூன்று கைகளும் அழகாக, கம்பீரமாக, வலமாகச் சுற்றுகின்றன. நான் சொற்பொழிவைத் தொடங்கினேன்.

"பாத்தியாத்தா? வலம்! நாம கீழ இடமாப் போனாலும், தலைக்கு மேல பன்னெண்டு காத்தாடி ராவும் பகலும் வலம் வந்துக்கிட்டே இருக்கு. ஒரு நாளைக்கு எத்தனை சுத்து? கணக்குப் போட்டா, தொப்பிமலைக்கு இந்த உலகத்துலயே அதிகமா வலம் வந்த புண்ணியம். நாம ஒரு சுத்து இடமாப் போனா அதுல எள்ளு முனையளவு கொறையுமா?"

இரண்டு பெண்களும் வாயைப் பிளந்து மேலே பார்த்தார்கள். ஒருத்தி கன்னத்தில் போட்டுக்கொண்டாள். வெற்றி என் காலடியில் நாய்க்குட்டி போலப் படுத்தது.

ஒச்சம்மாவுக்கு மட்டும் கண்ணில் தூசி. காற்றுக்கு ஒதுங்க, கோபுரத்தைச் சுற்றிக்கொண்டு பின்பக்கம் போனாள்.

"அண்ணே, இங்கிட்டு வாங்க."

போனேன்.

"மேல பாருங்க."

பார்த்தேன். அதே காற்றாலை. அதே மூன்று கைகள். பின்னாலிருந்து பார்த்தால் இடமாகச் சுற்றுகின்றன.

"முன்னால வலம், பின்னால கொள்ளிக்குடம். அரசியல்வாதி மாதிரியில்ல இருக்கு ஒங்க காத்தாடி!"

இறங்கும்போது ஜீப்பில் மூன்று பெண்களும் சிரித்த சிரிப்பில் டிரைவர் இரண்டு தடவை வண்டியை நிறுத்த வேண்டியிருந்தது. கன்னத்தில் போட்டுக்கொண்டவள்தான் அதிகம் சிரித்தாள்.

ஜூன் 26, வியாழன்

ரேஞ்சர் போன் செய்தார். ஊர் வராது என்ற செய்தி அவர் காதுக்கு எட்டிவிட்டது. மேகலா வாசலில் நின்று பேசினாள். காற்றில் பாதிதான் கேட்டது.

"ஆமா சார்... நாந்தான் சார் முடிவு பண்ணேன்... இல்ல சார், வேற யாரையும் கேக்கல... எங்கிட்ட எழுத்துல கேட்டா எழுத்துல பதில் குடுக்குறேன் சார்."

உள்ளே வந்தாள். தோசையைத் தொடவில்லை. சீருடைத் தொப்பியைத் துடைத்தாள், அதில் தூசி எதுவும் இல்லை.

"திசை சொன்னது நான்னு சொல்லிருக்கலாமே" என்றேன்.

"கையெழுத்து என்னோடது மாமா."

அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். நான் எதிர்பார்த்து நாலு பதில்கள் தயாராக வைத்திருந்தேன், அதில் இரண்டு மிகச் சிறந்தவை. ஒன்றுக்கும் வேலை இல்லாமல் போய்விட்டது.

ஜூன் 27, வெள்ளி

காலை ஆறு மணிக்குக் கல்லூத்துப்பட்டி போனேன். ஒச்சம்மா அடுப்படியில் குழிப்பணியாரம் ஊற்றிக்கொண்டிருந்தாள். ஒன்றைத் தட்டில் வைத்துத் தள்ளினாள்.

"அம்பத் திருப்பிட்டா நடப்பீகளா?"

"நடப்போம். மல எங்களுக்கு வேண்டாததா? எட்டு வீட்டுக்கு வேல வருது. ஆனா கல்லுல செதுக்குனத எப்பிடிண்ணே அழிப்பீக?"

"பதினாலு கல்லையும் பேத்து, புதுசா பதினாலு கல்லு கொண்டாந்து..." என்று நான் ஒரு பெருங்காவியத்தைத் தொடங்கினேன்.

அவள் பணியாரக் குச்சியை எடுத்து அடுப்புத் திண்டின் இந்தப் பக்கம் நிறுத்தினாள். "இதேன் கல்லு. பாதையப் பாத்து நிக்குது. அம்பு அங்கிட்டுக் காட்டுது." பிறகு குச்சியைத் தூக்கித் திண்டின் எதிர்ப்பக்கம் வைத்து, முகத்தைத் திருப்பினாள். "பாதைக்கு இந்தப் பக்கம் தூக்கி நட்டு, மறுபடி பாதையப் பாக்க வச்சா? அம்பு தானாத் திரும்பிருச்சு. உளி எதுக்கு, புதுக்கல்லு எதுக்கு?"

முப்பத்தொரு வருடம் பேருந்துகளைத் திருப்பியவன் நான். இது எனக்குத் தோன்றவில்லை. மூன்று பணியாரம் சாப்பிட்டு அதிர்ச்சியிலிருந்து மீண்டேன்.

"நம்பரு தலைகீழா வருமே? பதினாலு மொதல்ல, ஒண்ணு கடைசியில."

"வரட்டுமே. இன்னும் எத்தன கல்லு மிச்சம்னு தெரியும்ல."

இதை என்னுடைய யோசனையாகவே பிற்கால அறிஞர்கள் குறித்துக்கொள்ளலாம்.

கிளம்பும்போது ஒரு நிபந்தனை போட்டாள். "மலைய இடமாக் கொண்டுபோனவுக யாரோ, அவுகதேன் மொத ஆளா முன்னால வலம் வரணும். அப்பத்தேன் அந்தத் தோசம் தீரும். ஏணிப்பாற வழியா ஏறி, காட்டு வழியா எறங்கி, முழுச் சுத்து. மேகலாப் பிள்ளைதேன் கையெழுத்துப் போட்டுச்சாம்ல?"

கேட்டுவிட்டுப் பணியாரத்தைத் திருப்பிப் போடுவதில் மும்முரமானாள். என் முகத்தைப் பார்க்கவே இல்லை.

"வீட்டுக்குப் பெரியவன் நான் இருக்கேன்ல. நான் முன்னால வாரேன்" என்றேன்.

"சரிண்ணே. இன்னொரு பணியாரம் தின்னுங்க. எழுநூறு படி."

ஜூன் 29, ஞாயிறு

ஊரே சேர்ந்து கற்களை மாற்றி நட்டது. சிவனாண்டி பாட்டுப் பாடிக்கொண்டே குழி தோண்டினான். மேகலா கடப்பாரை பிடித்தாள். நான் மேற்பார்வை. உட்கார்ந்து மேற்பார்வை.

ஜூலை 2, புதன்

நாளை மறுநாள். ரகசியமாக ஏணிப்பாறையில் ஒத்திகை பார்த்தேன். எழுபது படி ஏறினேன். இறங்குவதற்குச் சிவனாண்டியின் தோள் தேவைப்பட்டது. அவனுக்குப் பிடிமானமாக இருக்கட்டுமே என்று.

"அய்யா, அம்பது படிக்கு ஒருக்கா உக்காந்து ஏறுனா ஏறிரலாம்."

"மாவட்ட அலுவலர் முன்னாலயா? அம்பது படிக்கு ஒருக்கா உக்காந்தா ஏன்னு கேக்க மாட்டாரா?"

"கேட்டா எதையாச்சும் சொல்லுங்க. ஒங்களுக்குச் சொல்ல வராதா?"

ஜூலை 4, வெள்ளி

ரேஞ்சரையும் கூட்டிக்கொண்டு மாவட்ட வன அலுவலர் ஒன்பது மணிக்கு வந்தார். பெரிய மனிதர், எல்லா விதத்திலும். சட்டைப் பொத்தான்கள் அரும்பாடுபட்டுக்கொண்டிருந்தன. கல்லூத்துப்பட்டியிலிருந்து முப்பத்தொரு பேர். நான் இரண்டு தடவை எண்ணினேன், இரண்டு தடவையும் முப்பத்தொன்றுதான். மிகைப்படுத்த மனமே வரவில்லை.

ஒச்சம்மா சூடம் கொளுத்தினாள். மலை வலக்கைப் பக்கம். நான் முன்னால்.

ஐம்பதாவது படியில் என் வலது முழங்கால், கதவுக்கீல் மாதிரி ஒரு குரல் கொடுத்தது. நின்றேன். எனக்குப் பின்னால் முப்பத்தைந்து பேரும் நின்றார்கள். அலுவலர் மூச்சு வாங்கியபடி என்ன என்று பார்த்தார்.

"இந்தப் பள்ளம் தெரியுதுங்களா?" பாறையில் ஒரு குழிவு இருந்தது. அதில் உட்கார்ந்தேன். "ஒரு கொம்பன் யானை இந்த வழியா மேல போகணும்னு கெளம்புச்சு. இங்க வந்ததும் மேல நிமிந்து பாத்து மலைச்சுப்போயி உக்காந்துச்சு. மூணு வருசம் யோசிச்சுது. அது உக்காந்த தடம்தான் இது."

அலுவலர் சிரித்தார். சிரித்துக்கொண்டே எதிர்ப்பாறையில் உட்கார்ந்தார். அவருக்கும் அந்த இடம் தேவைப்பட்டது என்பது அவர் உட்கார்ந்த வேகத்தில் தெரிந்தது.

நூறாவது படியில் ஒரு தபால்காரர். உத்தமபாளையத்தில் சைக்கிளோடு நின்றவரைக் காற்று தூக்கி இங்கே கொண்டுவந்து போட்டது. அவரோ இங்கே மாடு மேய்த்தவரிடம் கடிதத்தைக் கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டு, அடுத்த காற்றில் திரும்பிப் போனார். நூற்றைம்பதில், இரண்டு ஊர்கள் ஒரே மேகத்துக்குச் சண்டை போட்டு, அதைக் கயிறு கட்டி இழுத்த இடம். கயிற்றுத் தழும்பு பாறையில் இருந்தது, ஏதோ ஒரு தழும்பு. இருநூற்றைம்பதில் நான் நிற்க மறந்துவிட்டேன், அலுவலரே, "பெரியவரே, இங்க ஒண்ணும் நடக்கலியா?" என்று ஏக்கத்தோடு கேட்டார். நடந்தது, நடக்காமல் இருக்குமா?

நானூறுக்கு மேல் கதைகள் சிறுத்தன. மூச்சும்தான். அறுநூறில் நான் என்ன சொன்னேன் என்று எனக்கே நினைவில்லை. ஆனால் ஊர்ப் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்கள். மேகலா என் பின்னாலேயே வந்துகொண்டிருந்தாள். அவள் மட்டும் சிரிக்காமல் என் காலைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

எழுநூறாவது படி. புல்வெளி. காற்று முகத்தில் அறைந்தது. பன்னிரண்டு காற்றாலைகளும் எங்களைப் பார்த்துக் கும்பிட, மூன்று கைகளில் எந்த இரண்டைச் சேர்ப்பது என்று தேடிக்கொண்டிருந்தன.

பெண்கள் புளியோதரைப் பொட்டலங்களைப் பிரித்தார்கள். அலுவலர் ஒரு பொட்டலத்தைக் காலிசெய்துவிட்டு அறிக்கையைக் கேட்டு வாங்கினார். முதல் அறிக்கையில் ஒரு திசை, இப்போது வேறு திசை. கண்ணாடியை மாட்டினார். குரலிலிருந்து சிரிப்பு போய்விட்டது.

"மேகலா, 'இரு திசைகளிலும் நடந்து சரிபார்க்கப்பட்டது'ன்னு எழுதியிருக்கீங்க. இந்தப் படியில ஒரு கூட்டம் மழைக்காலத்துல இறங்குனா என்ன ஆகும்னு ஒரு தடவை நடந்தவங்களுக்கே தெரியும். நடந்து பாத்தீங்களா, பாக்கலியா?"

மேகலா எழுந்து நின்றாள். "என் பொறுப்புதான் சார்."

"அது இல்ல நான் கேட்டது."

நானும் எழுந்தேன். எழ முடியவில்லை, சிவனாண்டி தோளைக் கொடுத்தான்.

"அய்யா, அந்தப் பிள்ளை பயிற்சிக்குப் போயிருந்துச்சு. நடந்து பாக்கச் சொன்னது என்னைய. எனக்கு வலது முட்டி போயி ரெண்டு வருசமாச்சு. வீட்டுல யாருகிட்டயும் சொல்லல. இந்தப் படிகளக் கீழ நின்னு அண்ணாந்து பாத்துட்டே பயந்துட்டேன். சுலபமான பக்கமா ஏறுனேன், எறங்க முடியாம ஜீப்புல போயிட்டேன். ரெண்டு பக்கமும் நடந்தேன்னு பிள்ளைகிட்டப் பொய்யாத் தலையாட்டுனேன். அத நம்பித்தான் அது கையெழுத்துப் போட்டுச்சு. என் ஒத்த முட்டிக்காக ஒரு மலையையே இடஞ்சுத்த விட்டுட்டேன்யா."

அலுவலர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார்.

பிறகு சிரித்தார். முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு, பிறகு ஒரு பொத்தான் போராட்டத்தைக் கைவிட்டுப் புல்லில் தெறித்தது. "அய்யோ, முடியல! யானைய விட இது பிரமாதம்! முட்டிக்காக மலையத் திருப்பிட்டாராம்!" அவர் சிரிக்க, ரேஞ்சர் சிரித்தார். ரேஞ்சர் சிரிக்க, ஊரே சிரித்தது. "மருமகளக் காப்பாத்த எவ்வளவு சூப்பரா விடுறாரு பாருங்க! எழுநூறு படி எங்களுக்கு முன்னால ஏறி வந்த மனுசன், முட்டி போச்சாம்!"

"நெசமாத்தான் சொல்றேன் அய்யா."

"தெரியும், தெரியும். தபால்காரரும் நெசம்தானே!"

கண்ணாடியைக் கழற்றித் துடைத்து, மறுபடி மாட்டி, எழுதினார். 'பாதையின் திசை ஊர் வழக்கப்படி மாற்றியமைக்கப்பட்டது. ஏற்பு. ஊர்மக்கள் பங்கேற்பு மிக நன்று.' மேகலாவிடம் தாளை நீட்டினார். "அடுத்த தடவை நீங்களே நடந்து பாத்துட்டுக் கையெழுத்துப் போடணும்மா." மேகலா தாளைக் காற்று பறிக்காமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

மொத்தக் கூட்டத்தில் மூன்று பேர்தான் சிரிக்கவில்லை. சிவனாண்டி. ஒச்சம்மா, அவள் தண்ணீர் பாட்டிலைத் திறந்து என் கையில் வைத்துவிட்டு, "தீந்துச்சுண்ணே" என்றாள், எனக்கு மட்டும் கேட்கும்படி. மூன்றாவது மேகலா.

தைலமரக் காட்டு வழியாக மெதுவாக இறங்கினோம். மேகலா என் வலப்பக்கம் வந்து கையைக் கோத்துக்கொண்டாள். ஒன்றாம் எண் கல் வரும்வரை விடவில்லை.

ஜூலை 5, சனி

காலை ஏழு மணிக்கு ஜீப் வாசலில் நின்றது. மேகலா சீருடையில் இல்லை.

"ஏறுங்க."

"எங்கத்தா?"

"தேனிக்கு. எலும்பு டாக்டர். எட்டரைக்கு டோக்கன் போட்டிருக்கேன்."

"எனக்கு என்ன கொறச்சல்? நேத்து நான் ஏறுன வேகத்துல ஏணிப்பாறையே..."

"மாமா." எஞ்சினை அணைத்தாள். "ரெண்டு வருசமா அம்மாகிட்டக்கூடச் சொல்லல. எங்கிட்டத் தலைய ஆட்டுனீங்க. ஊரு முன்னால, அந்த அதிகாரி முன்னால சொன்னீங்க. அத அப்படியே டாக்டர்கிட்டயும் சொல்லுங்க. அவரு சிரிக்க மாட்டாரு."

என்னிடம் பதில்கள் இருந்தன. வழக்கம்போல இரண்டு மிகச் சிறந்தவை. சொல்லவில்லை.

கதவைப் பிடித்துக்கொண்டு, இடது காலை வைத்து, வலது காலைக் கையால் தூக்கி உள்ளே வைத்தேன். மேகலா அவசரப்படுத்தவில்லை. ஜீப்பில் ஏறி உட்கார எனக்கு ஒரு நிமிடம் நாற்பது விநாடி ஆனது. உள்ளபடி எழுதியிருக்கிறேன்.